ஐ7 ஸ்டிக்கரும் எலக்ட்ரான் குடமும்

பெரம்பூர் வாசகர் ஒருவர் கம்ப்யூட்டருக்கான இரண்டு கொட்டேஷன்களைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறார். சென்னை ரிச்சி தெருவில் அடுத்தடுத்த கடைகளில் வாங்கியவை. தொகை கிட்டத்தட்ட ஒன்றுதான். முதலாவதில் ஐ7 ப்ராசஸர், 16 ஜிபி ராம், 1 டிபி ஹார்டு டிஸ்க். இரண்டாவதில் ஐ3, 8 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி. “பையன் ப்ளஸ் ஒன் போறான், நாலஞ்சு வருஷம் தாங்கணும். ஐ7தானே சார் நல்லது?” என்று கேட்கிறார்.

அந்த ஐ7இன் முழுப்பெயர் ஐ7-4770. கோட்டுக்குப் பின்னால் வரும் 4தான் ஜெனரேஷன். 2013இல் வந்த சில்லு அது. ஏதோ அலுவலகம் கழித்துக்கட்டியதைப் புது கேபினெட்டில் மாட்டியிருக்கிறார்கள். மற்றது ஐ3-12100, இதில் 12தான் ஜெனரேஷன், 2022இல் வந்தது. இரண்டுக்கும் நான்கு கோர், எட்டு த்ரெட் என்றாலும் வேகத்தில் ஐ3 தெளிவாக முந்தும். போதாக்குறைக்கு விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு இன்டெலில் குறைந்தது எட்டாம் ஜெனரேஷன் வேண்டும். ஐ7 கதை இங்கேயே முடிந்தது.

ஆனால் ப்ராசஸரைவிடப் பெரிய வித்தியாசம், அவர் கவனிக்காத கடைசி வரியில் இருக்கிறது. ஹார்டு டிஸ்க்கின் தட்டு நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றும். ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிவினாடி. வேண்டிய தகவல் படிக்கும் தலைக்கு அடியில் வரச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். தலை அந்தத் தடத்துக்கு நகர இன்னொரு எட்டு மில்லிவினாடி. மொத்தம் 12 என்று வையுங்கள். வினாடிக்கு 400 கோடி முறை துடிக்கும் 4 கிகாஹெர்ட்ஸ் ப்ராசஸருக்கு அது கிட்டத்தட்ட 5 கோடித் துடிப்பு. எஸ்எஸ்டியில் சுற்றும் தட்டே கிடையாது, சில்லில்தான் சேமிப்பு; அதிலிருந்து படிக்க 80 மைக்ரோவினாடி ஆகிறதென்றால் 3 லட்சத்துச் சொச்சம். கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது இப்படிப்பட்ட சின்னச் சின்னப் படிப்புகள் ஆயிரக்கணக்கில் நடக்கும். ‘ஹேங் ஆகுது’ என்று நாம் திட்டும் நேரத்தில் பாதி, ப்ராசஸர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் நேரம்.

சரி, எஸ்எஸ்டி என்று எழுதியிருந்தால் போதுமா? போதாது. ஏன் என்று புரிய அதன் உள்ளே போக வேண்டும். போகத் தகுந்த இடம்தான்.

ஒரு குடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வாய் கிடையாது, ஓட்டை கிடையாது, எல்லாப் பக்கமும் மூடிய குடம். அதற்குள் தண்ணீர் ஊற்ற வேண்டும். எஸ்எஸ்டிக்குள் இருக்கும் ஃப்ளாஷ் சில்லின் ஒவ்வொரு செல்லும் இப்படித்தான்: மின்காப்புச் சுவருக்குள் சிறைப்பட்ட ஒரு சிறு இடம், தண்ணீருக்குப் பதில் எலக்ட்ரான்கள். சுவரின் தடிமன் சுமார் 7, 8 நானோமீட்டர், தலைமுடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அவ்வளவு மெல்லிய சுவர் என்றால் எலக்ட்ரானின் அலைத்தன்மை தலைகாட்டும். 20 வோல்ட் அளவுக்கு அழுத்தம் கொடுத்தால் சுவர் எலக்ட்ரானுக்கு இன்னும் மெலிந்ததுபோல் ஆகி, ஒரு பகுதி எலக்ட்ரான்கள் சுவரை உடைக்காமலே மறுபுறம் போய்ச் சேர்ந்துவிடும். குவாண்டம் ஊடுருவல் என்பது இதுதான். சில்லுக்கு வரும் மின்சாரமோ 3.3 வோல்ட், தேவையான 20ஐ அது தனக்குள்ளேயே ‘பம்ப்’ செய்துகொள்கிறது. அழுத்தத்தை எடுத்துவிட்டால் உள்ளே போனவை வெளியே வர வழியில்லை. கரண்ட் போனாலும் உங்கள் கோப்பு அழியாமல் இருப்பது இதனால்தான்.

எலக்ட்ரானைச் சிறைவைக்கும் இந்த இடத்துக்கு மிதக்கும் வாயில் (ஃப்ளோட்டிங் கேட்) என்று பெயர். இதை 1967இல் பெல் ஆய்வகத்தில் டாவோன் காங், சைமன் சீ இருவரும் முன்வைத்தார்கள். தோஷிபாவின் ஃபுஜியோ மசுவோகா குழு எஸ்எஸ்டிகளில் இருக்கும் நேண்ட் வகை ஃப்ளாஷை அறிவித்தது 1987இல். நடுவில் இருபது ஆண்டு. மூன்றாண்டுத் திட்டத்துக்கு நிதி கொடுத்துவிட்டு, மூன்றாம் ஆண்டு மார்ச்சில் ‘இதனால் என்ன பயன்’ என்று கேட்கும் நம் வழக்கத்தில் இது முளைத்திருக்குமா? சில்லுகளைப் பொதிந்து கொடுக்கும் ஆலைகளுக்கு மானியம் தருவதில் தப்பில்லை. அதில் ஒரு துளியாவது சுவரின் இயற்பியலைப் படிப்பவர்களுக்கும் போகட்டும்.

குடத்துக்குத் திரும்புவோம். நிறைந்ததா, காலியா என்று மட்டும் பார்த்தால் ஒரு பிட், இது எஸ்எல்சி. மடமடவென்று ஊற்றலாம், ஒரு பார்வையில் சொல்லிவிடலாம். அதே குடத்தில் எட்டு மட்டம் குறித்தால் மூன்று பிட், இது டிஎல்சி. பதினாறு மட்டம் என்றால் நான்கு பிட், க்யூஎல்சி. மட்டங்கள் நெருங்க நெருங்க, கொஞ்சம் ஊற்று, அளந்து பார், இன்னும் கொஞ்சம் ஊற்று என்று போக வேண்டும். எழுதும் வேகம் படுத்துவிடும். ஒவ்வொரு ஊடுருவலும் சுவரில் ஒரு வடு விடும். வடு கூடினால் கசிவு கூடும். எஸ்எல்சி லட்சம் முறை அழித்தெழுதுவதைத் தாங்கும். க்யூஎல்சிக்குச் சில நூறு முதல் ஆயிரம். இன்னொரு வில்லங்கமும் உண்டு: தனி ஒரு குடத்தைக் கவிழ்க்க முடியாது. சில மெகாபைட் கொண்ட ஒரு தொகுதி மொத்தமாகத்தான் கவிழும்.

இதைச் சமாளிக்கத் தயாரிப்பாளர்கள் ஒரு தந்திரம் செய்கிறார்கள். காலியாக இருக்கும் க்யூஎல்சி செல்களில் முதலில் ‘நிறைந்தது–காலி’ கணக்கில் வேகமாக எழுதிவிட்டு, சும்மா இருக்கும் நேரத்தில் பதினாறு மட்டத்துக்கு மாற்றி அடுக்குவது. கடையில் புது டிரைவில் ஒரு சினிமாவை நொடிகளில் காப்பி செய்து காட்டுவார்களே, அது இந்த மடமட ஊற்று. ஆறு மாதம் கழித்து டிரைவ் 90 சதவீதம் நிரம்பியபின் தந்திரத்துக்கு இடமே இருக்காது. அப்போது விநாடிக்கு 100 எம்பிக்கும் கீழே, ஹார்டு டிஸ்க் அளவுக்கோ அதைவிடவோ மெதுவாகப் போகும். எந்த எஸ்எஸ்டியானாலும் 15, 20 சதவீதம் காலியாக வைப்பது நல்லது.

பெட்டியில் க்யூஎல்சி என்று பெரும்பாலும் போடமாட்டார்கள். தயாரிப்பாளரின் தளத்தில் டிபிடபிள்யூ எண்ணைப் பாருங்கள். எத்தனை டெராபைட் எழுதலாம் என்ற உத்தரவாதம் அது. 500 ஜிபி டிரைவுக்கு 300 அளவில் இருந்தால் அநேகமாக டிஎல்சி. 100ஐ ஒட்டியிருந்தால் அநேகமாக க்யூஎல்சி. தினம் 20 ஜிபி எழுதினாலும் 300 டிபி தீர 41 வருஷம் ஆகும். ஆகவே தேய்ந்துபோகும் என்ற பயம் வேண்டாம். எண்ணைப் பார்ப்பது செல்லின் வகையை மோப்பம் பிடிக்கத்தான்.

எலக்ட்ரான் கசிவுக்குச் சூடு துணை. ஆயுள் முழுக்கத் தேய்ந்த ஒரு வீட்டு எஸ்எஸ்டி, கரண்ட் இல்லாமல் 30 டிகிரியில் ஓராண்டு தரவைக் காக்க வேண்டும் என்பதே சில்லுத் துறையின் தர அமைப்பான ஜெடெக் வகுத்த தரம். நம் மே மாத பீரோ 30 டிகிரியில் நிற்காது. கல்யாண ஆல்பத்தைப் பூட்டி வைக்க ஹார்டு டிஸ்க்தான் சரி. அதற்கு இன்னும் வேலை இருக்கிறது.

மிச்சத்தை வேகமாகச் சொல்லிவிடலாம். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாததால் திரைக்கான வேலையும் ராமின் தலையில்தான் விழும், அதனால் 8 ஜிபி ராம் ஒன்றுக்குப் பதில் இரண்டாகப் போடுங்கள்; டிடிஆர்4-3200 வகை ராமில் ஒரு சேனல், அதாவது ப்ராசஸருக்குப் போகும் ஒரு பாதை, விநாடிக்கு 25.6 ஜிபி கடத்தும், இரண்டு சேர்ந்தால் 51.2. கேபினெட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ்ஸில் (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) ‘450 வாட்’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும். பக்கத்து லேபிளில் 12 வோல்ட்டுக்கு எதிரே 18 ஆம்பியர் என்றிருந்தால் அந்த 12 வோல்ட்டில் நிஜம் 216 வாட்தான். 600 விஏ யூபிஎஸ் ஒன்றும் அவசியம். எந்தத் தகவல் எந்தக் குடத்தில் என்ற வரைபடத்தை எஸ்எஸ்டி ஓயாமல் திருத்திக்கொண்டிருக்கும். நடுவில் கரண்ட் போனால் சில மலிவு டிரைவ்கள் மறுநாள் தலையே காட்டாது. ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைப்பவர்கள் காற்றுத் துளைகளை விட்டு வையுங்கள். சூடேறினால் எந்தச் சாமியும் ஃபேனைச் சுற்றித் தராது.

ஐ3ஐயே வாங்குங்கள். ஜிஎஸ்டி பில்லில் எஸ்எஸ்டியின் சீரியல் எண்ணைக் கடைக்காரரையே எழுதச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் டிரைவின் ஜாதகத்தைக் காட்டும் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருளைத் திறந்து, சீரியல் எண் பில்லோடு பொருந்துகிறதா, ‘பவர் ஆன் ஹவர்ஸ்’, அதாவது டிரைவ் இதுவரை ஓடிய மணிநேரம், எவ்வளவு என்று பாருங்கள். புதுசுக்கு ஒற்றை இலக்கம்தான் இருக்க வேண்டும். 4,000 என்று காட்டினால் அட்டைப்பெட்டியைக் கிழிக்காமல் மூடி, மறுநாள் கடை திறக்கும்போதே பில்லோடு போய் நில்லுங்கள்.