ஆணியில் இல்லை சூட்சுமம்

பூட்டானின் தலைநகர் திம்புவைப் பற்றி எழுதுகிறவர்கள் ஒரு செய்தியைத் தவறவிடுவதில்லை: அங்குள்ள தாஷிச்சோ ட்சோங் என்னும் கோட்டை ஓர் ஆணிகூட அடிக்காமல், வரைபடமே இல்லாமல் கட்டப்பட்டதாம். மூன்றாம் மன்னர் ஜிக்மே தோர்ஜி வாங்சுக் 1960களில் அதை மரபு முறைப்படி புதுப்பித்துக் கட்டினார் என்பது உண்மைதான். ஆனால் ஆணியைப் பற்றிய வியப்பில் சுவரை மறந்துவிடுகிறோம். பாதிப் பொறியியல் அங்கேதான் இருக்கிறது.

கோட்டை, மடாலயம், அரசு அலுவலகம் மூன்றும் ஒரே மதிலுக்குள் இருப்பதுதான் ட்சோங். முற்றங்களைச் சுற்றி அதிகாரிகளும் பிக்குகளும் தனித்தனிப் பகுதிகளில் இருப்பார்கள். நடுவே 'உத்சே' என்னும் கோபுரத்தில் கோயில்கள். நாட்டை ஒன்றிணைத்த ஷப்துருங் நவாங் நம்கியால் 1629இல் எழுப்பிய சிம்தோகா ட்சோங், திம்புவுக்குத் தெற்கே சில கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. அதன் உத்சேயைச் சுற்றி வரிசையாகப் பிரார்த்தனை உருளைகள். அவற்றின் பின்னால் பலகைக்கல்லில் செதுக்கிய 300க்கும் மேற்பட்ட உருவங்கள். உருளையைச் சுற்றிவிட்டு நடக்கிற பலர் அவற்றைக் கவனிப்பதே இல்லை.

சுவருக்கு வருவோம். கல்லும் களிமண் சாந்தும்தான் பொருள். அடியில் ஒரு மீட்டரையும் தாண்டும் தடிமன் மேலே போகப் போகக் குறைகிறது. உள்முகம் செங்குத்தாக நிற்க, வெளிமுகம் மட்டும் உள்நோக்கிச் சாய்ந்தபடி ஏறுகிறது. களிமண் சாந்து அமுக்கத்தைத் தாங்கும், இழுத்தால் பிட்டுக்கொள்ளும். இந்தச் சாய்வினால் எடை மையம் கீழாகவும் உட்புறமாகவும் நகர்வதால், வெளியே சரியப் பார்க்கும் சுவரை அதன் சொந்தக் கனமே பிடித்து நிறுத்துகிறது. கீழ்த்தளங்களில் சிறு துளைகளே சாளரங்கள். மேல்தளத்தில் கல்லுக்குப் பதில் 'ரப்சே' என்னும் மரச்சட்டச் சாளரங்கள் புடைத்து நிற்கின்றன. பாரம் கீழே, இலகு மேலே.

மரவேலையில் துளையும் கழுந்தும்தான் இணைப்பு: ஒரு மரத்தின் செதுக்கிய முனை (கழுந்து) இன்னொன்றின் துளைக்குள் பொருந்தும். மழைக்காலத்தில் மரம் உப்பும், குளிரில் சுருங்கும். கழுந்து அதற்கு இடம்கொடுக்கும். நிலம் அதிரும்போது இணைப்புகள் சற்றே உரசி, ஆற்றலின் ஒரு பகுதியைத் தின்றுவிடும். உளுத்த உத்தரத்தை மட்டும் கழற்றி மாற்றவும் முடியும்.

அப்படியானால் நிலநடுக்கத்தில் ட்சோங்குகள் ஏன் அடிவாங்கின? 1897 அசாம் நிலநடுக்கம் பூட்டானின் பல ட்சோங்குகளைச் சேதப்படுத்தியது. அன்றாடம் சுவரைக் காக்கும் கனம், நிலம் பக்கவாட்டில் ஆடும்போது எதிரியாகிவிடுகிறது: எடை கூடக்கூட விசையும் கூடும். கல்சுவரின் உள்ளடுக்கும் வெளியடுக்கும் பிரிந்து உப்புகின்றன. மூலைகளில் விரிசல் ஓடுகிறது.

கூரை தனிக் கதை. மண் மெழுகிய மேல்தளத்துக்கு மேலே, இடைவெளி விட்டுக் கால்களில் நிற்கிறது அது. காற்று நுழைந்து ஈரத்தை வாங்கிக்கொண்டு போகும். சுவரைத் தாண்டி நீளும் கூரை விளிம்பு, களிமண் சாந்து மழையில் கரையாமல் காக்கும். அந்தக் காலத்தில் மரச்சில்லுகளைப் பரப்பிக் கற்களைப் பாரமாக வைத்தார்கள். சில ஆண்டுகளுக்கொரு முறை சில்லுகளைப் புரட்டிப் போட்டால் ஆயுள் நீளும். இப்போது பல இடங்களில் உலோகத் தகடு வந்துவிட்டது. பழைய அழகு போயிற்று என்று வருந்துவோர் உண்டு. எனக்குத் தகடே சரி என்று படுகிறது. காய்ந்த மரமும் வெண்ணெய் விளக்கும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்று யோசித்தால் போதும். 18ஆம் நூற்றாண்டில் திம்புவின் ட்சோங் எரிந்தது. 2012 ஜூனில் வாங்துபொத்ராங் ட்சோங் எரிந்து, திரும்பக் கட்டி முடிக்கப் பத்தாண்டு பிடித்தது. கோயில்கள் பலவற்றில் விளக்குகளுக்கென்று வெளியே தனி அறை கட்டியிருப்பது இந்த அச்சத்தால்தான்.