கணையப் புற்றுநோய் என்று சொல்லிவிட்டார்களா? கொழும்பில் எதை, எங்கே கேட்பது

பெரியம்மாவின் கண் மஞ்சளானபோது வீட்டில் எல்லோரும் செங்கமாரி என்றுதான் நினைத்தோம். கீழ்க்காய்நெல்லியை அரைத்து மோரில் கலந்து மூன்று கிழமை கொடுத்தோம், உப்பு புளி இல்லாத பத்தியத்தோடு. நோவும் இல்லை, காய்ச்சலும் இல்லை. உடம்பெல்லாம் அரிப்பு. சிறுநீர் பிளேன்டீ நிறத்தில் போனது, மலம் களிமண் போல வெளிறியிருந்தது. சீலை இடுப்பில் நிற்காமல் நழுவத் தொடங்கிய பிறகுதான் ஸ்கேன் எடுத்தோம். கணையத்தின் தலைப்பகுதியில் கட்டி.

கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிக் கிடக்கிறது. பித்தக்குழாய் அதன் தலைப்பகுதி வழியாகத்தான் குடலுக்குப் போகிறது. அங்கே கட்டி வந்து குழாயை நெரித்தால் பித்தம் இறங்காது, கண் மஞ்சளாகும். ஆகவே வலியில்லாத மஞ்சளைச் சாதாரண செங்கமாரி என்று விட்டுவிடாதீர்கள். முதுகுக்கு ஊடுருவும் வயிற்று வலி, காரணமில்லாத மெலிவு, ஐம்பது வயதுக்கு மேல் திடீரென்று வரும் சீனி வருத்தம், இவையும் எச்சரிக்கைதான். புகைப்பவர்களுக்கு ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்கு.

இனி உரிமை பற்றி. இலங்கையில் அரச வைத்தியசாலையில் புற்றுநோய் சிகிச்சை இலவசம். பரிசோதனை, ஒபரேஷன், கீமோ, வார்டில் தங்குவது எதற்கும் கட்டணம் கேட்கமாட்டார்கள். மருதானைப் பக்கம் நாம் பெரியாஸ்பத்திரி என்று சொல்லும் கொழும்பு தேசிய வைத்தியசாலையின் ஓ.பி.டி.யில் காட்டினால் சத்திரசிகிச்சை கிளினிக்குக்குத் துண்டு தருவார்கள். ஈரல், கணைய ஒபரேஷன்களுக்கு ராகமையில் உள்ள கொழும்பு வடக்கு போதனா வைத்தியசாலையும் உண்டு. கீமோவுக்குப் பெரும்பாலும் மகரகம அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். புறக்கோட்டையிலிருந்து 138 பஸ் மகரகமவுக்குப் போகும்.

ஒபரேஷன் எல்லோருக்கும் முடியாது. கண்டுபிடிக்கும் நேரத்தில் நூறு பேரில் பதினைந்து, இருபது பேருக்குத்தான் கட்டியை முழுதாக எடுக்கும் நிலை இருக்கும். தலைப்பகுதிக் கட்டிக்குச் செய்வது விப்பிள் ஒபரேஷன். கணையத்தின் தலை, முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தக்குழாயின் ஒரு பகுதி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மிச்சத்தைக் குடலோடு பொருத்துவார்கள். பெரிய ஒபரேஷன், அடிக்கடி செய்யும் கைதான் வேண்டும். அதன் பின் சில மாதம் கீமோ. எடுக்க முடியாது என்றாலும் கைவிட்டுவிட்டார்கள் என்று அர்த்தமில்லை. வாய் வழியாகக் குழாய் விட்டு பித்தக்குழாயில் ஸ்டென்ட் என்னும் சிறு குழாயை வைத்தால் பித்தம் இறங்கும். பெரியம்மா இரவில் அரிப்பில்லாமல் தூங்கியது ஸ்டென்ட் வைத்த பிறகுதான்.

எங்கள் வீட்டில் நடந்த பிழை ஒன்று. பயத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்து முற்பணம் கட்டிவிட்டோம். அதற்காக அக்காவின் தாலிக்கொடி அடகுக்குப் போனது. கட்டி எவ்வளவு பரவியிருக்கிறது என்பதே அப்போது தெளிவாகவில்லை. பிறகு அரச கிளினிக்கில் காட்டியபோது முதலில் ஸ்டென்ட் போதும் என்றார்கள். ஸ்கேனுக்கு வரிசை நீளமாக இருந்தால் அதை மட்டும் வெளியே எடுங்கள், அதில் தவறில்லை. ஸ்கேன் படங்கள் பதிந்த சீ.டி.யையும் ரிப்போர்ட்டையும் கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். மாலையில் நீங்கள் தனியாரில் காசு கட்டிச் சேனல் பண்ணிப் பார்க்கும் விசேட வைத்தியர்களில் பலர் காலையில் அரச வார்டில் நிற்பவர்கள்தான்.

சில மருந்து அரச வைத்தியசாலையில் இல்லாமல் போவதும், தனியாரில்தான் செய்ய வேண்டிய நிலை வருவதும் உண்டு. அப்போது கேட்க வேண்டியது ஜனாதிபதி நிதியம். 1978ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்தது. முன்பு கோட்டைக்கு அலைய வேண்டும். 2025 பெப்ரவரி முதல் பிரதேச செயலகத்திலேயே மருத்துவ உதவிக்கு விண்ணப்பிக்கலாம். கொட்டாஞ்சேனை, மட்டக்குளி ஆட்கள் கொழும்பு பிரதேச செயலகத்துக்கும், வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி ஆட்கள் திம்பிரிகஸ்யாய செயலகத்துக்கும் போக வேண்டும். வைத்தியர் நிரப்பும் பகுதி, வைத்திய அறிக்கைகள், செலவு மதிப்பீடு, அடையாள அட்டை, குடும்ப வருமானம் பற்றிக் கிராம உத்தியோகத்தர் தரும் கடிதம், எல்லாவற்றிலும் இரண்டு போட்டோ பிரதி கையில் இருக்கட்டும். குடும்ப வருமானத்தைப் பார்ப்பார்கள். ஒவ்வொரு சிகிச்சைக்கும் உச்சவரம்பு உண்டு, முழுச் செலவும் கிடைக்காது. முக்கியமாக, காசைக் கட்டுவதற்கு முதலே விண்ணப்பியுங்கள். தமிழில் எழுதத் தயங்க வேண்டாம். 1987இல் வந்த அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்திலிருந்து தமிழும் அரச கரும மொழிதான்.

தனியார் கம்பனியில் வேலை செய்பவர் என்றால் ஈ.பி.எஃப். எனும் ஊழியர் சேமலாப நிதிக் காசையும் யோசியுங்கள். பத்து வருடம் சேவையும் குறைந்தது 3,00,000 ரூபா மீதியும் இருந்தால் சிகிச்சைக்கு 30 வீதம் வரை முன்கூட்டியே எடுக்க இடமுண்டு. இனி வேலையே செய்ய முடியாது என்று வைத்தியச் சான்று கிடைத்தால் முழுத்தொகையும் எடுக்கலாம். அரச ஊழியர் குடும்பமென்றால் அக்ரஹார காப்புறுதியை முதலில் பாருங்கள்.

நோவு தாங்க முடியாமல் வந்தால் கிளினிக்கில் வெளிப்படையாகச் சொல்லுங்கள். மோர்பின் கொடுப்பது சாகப்போகிறார் என்பதற்காக அல்ல, நோவைக் குறைப்பதற்காக. வீட்டில் பார்க்க முடியாத நிலை வந்தால் மகரகமையில் இலங்கைப் புற்றுநோய்ச் சங்கம் நடத்தும் சாந்த சேவன என்ற பராமரிப்பு இல்லம் இருக்கிறது. அங்கே பராமரிப்புக்குக் காசு வாங்குவதில்லை.

அப்புறம், பலர் கேட்காமல் விடும் ஒரு விஷயம். சாப்பிட்டதும் வயிறு உப்பி, எண்ணெய் மிதக்கும் மலம் போனால், சாப்பாட்டைச் செரிக்க வைக்கும் கணையச் சாறு போதவில்லை என்று அர்த்தம். கணைய நொதிக் குளிசை பற்றி வைத்தியரிடம் கேளுங்கள். சாப்பாட்டுக்கு முன்னோ பின்னோ அல்ல, முதல் கவளத்தோடு விழுங்க வேண்டும். பெரியம்மாவுக்கு அது தொடங்கி ஒரு கிழமையில், இடியப்பமும் சொதியும் வேண்டும் என்று அவரே வாய் திறந்து கேட்டார்.