டிஸ்க் வளையவில்லை, தேய்ந்திருக்கிறது

நெடுஞ்சாலையில் 90 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள். பிரேக்கை மிதித்ததும் ஸ்டியரிங் நடுங்குகிறது. மெக்கானிக் "டிஸ்க் வளைஞ்சிடுச்சு சார், மாத்தணும்" என்கிறார். புது டிஸ்க் போட்டதும் நடுக்கம் நிற்கிறது. சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் திரும்ப வந்துவிடுகிறது. டிஸ்க்கின் தரம்தான் மோசம் என்று பலர் கடையைத் திட்டுவார்கள். பெரும்பாலும் கோளாறு டிஸ்க்கில் இல்லை, அதைப் பொருத்திய விதத்தில் இருக்கிறது.

டிஸ்க் என்பது சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் வார்ப்பிரும்புத் தட்டு. பிரேக்கை மிதித்தால் இரண்டு பேடுகள், அதாவது உராய்வுக் கட்டைகள், அதை இருபுறமும் இறுக்கிப் பிடிக்கும். அந்தத் தட்டு சாதாரண ஓட்டத்தில் வளைந்துபோவது அரிது. அதன் தடிமன்தான் இடத்துக்கு இடம் மாறுகிறது. 0.02 மில்லிமீட்டர் வித்தியாசமே நடுக்கத்துக்குப் போதும். தடித்த பகுதி இரண்டு பேடுகளுக்கு நடுவே வரும்போது பிடி இறுகும், மெல்லிய பகுதி வரும்போது தளரும். 90 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நொடிக்குச் சுமார் 13 முறை சுற்றுவதால், பிடியும் அத்தனை முறை ஏறி இறங்குகிறது. முன் டிஸ்க் என்றால் அது ஸ்டியரிங்கில் தெரியும். பின் டிஸ்க் என்றால் சீட்டிலும் பெடலிலும் தெரியும்.

சரி, தடிமன் ஏன் மாறுகிறது? டிஸ்க் உட்காரும் ஹப்பின் முகத்தில் கொஞ்சம் துரு இருந்தாலே டிஸ்க் லேசாகச் சாய்ந்துவிடும். வீல் நட்டுகளைத் தாறுமாறாக இறுக்கினாலும் அப்படித்தான். சாய்ந்த டிஸ்க் பக்கவாட்டில் ஆடிக்கொண்டே சுற்றும். பல கார்களில் இந்த ஆட்டத்துக்கான வரம்பு 0.05 மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். வரம்பைத் தாண்டினால், பிரேக் மிதிக்காதபோதும் சுற்றுக்கு ஒரு முறை அதே இடம் பேடில் உரசும். உரசி உரசி அந்த இடம் மட்டும் மெலியும். நடுக்கம் தெரிய இவ்வளவு நாள் ஆவது இதனால்தான்.

இன்னொரு காரணம் சூடு. 1200 கிலோ கார் ஒன்று ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குச் சுமார் 1900 மீட்டர் இறங்குகிறது. அந்த இறக்கத்தின் ஆற்றல், 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து காரை 48 முறை நிறுத்துவதற்குச் சமம். கியரைக் குறைத்து என்ஜினிடம் பாதி வேலையைக் கொடுக்காமல் பிரேக்கையே மிதித்துக்கொண்டு இறங்கினால், பேடின் பொருள் உருகித் திட்டுத்திட்டாக டிஸ்க்கில் ஒட்டும். கொதிக்கும் டிஸ்க்கை ஒரே இடத்தில் இறுக்கிப் பிடித்தபடி நின்றால் பேடின் அச்சே பதிந்துவிடும். அந்தத் திட்டுகள் மற்ற இடங்களைவிட அதிகமாகச் சூடேறும். 700 டிகிரியை ஒட்டிப் போனால் அங்குள்ள இரும்பே கடினமான கார்பைடாக மாறிவிடும். அப்படிப்பட்ட டிஸ்க்கை லேத்தில் கடைந்து பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

வீட்டிலேயே மாற்றலாம். சமதளத்தில் நிறுத்தி, மற்ற சக்கரங்களுக்குக் கல் வைத்து, ஜாக்கியால் தூக்கி, கண்டிப்பாக ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்யவே கூடாது. பேடுகளை அழுத்தும் காலிப்பரைக் கழற்றியதும் கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள், பிரேக் ஹோஸில் அதன் பாரம் விழக் கூடாது. அடுத்து அதைத் தாங்கும் பிராக்கெட்டைக் கழற்றினால் டிஸ்க் வெளியே வந்துவிடும்.

உண்மையான வேலை இனிமேல்தான். கம்பி பிரஷ்ஷால் ஹப்பின் முகத்தைப் பளபளவென்று தேயுங்கள், வீல் நட்டு மாட்டும் ஸ்டட்டுகளைச் சுற்றியும்தான். புது டிஸ்க்கில் துரு பிடிக்காமலிருக்கப் பூசிய எண்ணெயை பிரேக் கிளீனரால் கழுவிவிடுங்கள். இடது, வலது சக்கரங்களின் டிஸ்க்குகளைச் சேர்த்தே மாற்றுங்கள், பேடுகளும் புதிதாக இருக்கட்டும். காலிப்பரின் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது பிரேக் ஆயில் டப்பா பொங்குகிறதா என்று பாருங்கள், அது பெயின்ட்டை அரிக்கும். வீல் நட்டுகளை எதிரெதிராக, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து, காரின் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்குங்கள்.

காரை எடுக்கும் முன் பெடல் கெட்டியாகும்வரை மிதியுங்கள். இல்லையென்றால் முதல் மிதியில் பிரேக்கே பிடிக்காது. அப்புறம் காலியான சாலையில் 60-லிருந்து 15-க்கு எட்டுப் பத்து முறை, முழுதாக நிறுத்தாமல் வேகத்தைக் குறையுங்கள். பேடின் பொருள் டிஸ்க் முழுக்க ஒரே சீராகப் படிவதற்காக இது. பிறகு சில கிலோமீட்டர் பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டி ஆறவிடுங்கள்.