ஏகாதசிக்கு ‘உண்ணாவிரதமா’? நோன்பு என்ற சொல்லைப் பற்றி

போன கார்த்திகையில் மாலை போட்டிருந்த என் தம்பி மகன் செல்போனைக் கொண்டுவந்து நீட்டினான். ஏதோ ஒரு காணொளி. அடியில் எழுத்து ஓடிக்கொண்டிருந்தது: ‘சபரிமலை பக்தர்கள் 41 நாள் உண்ணாவிரதம் இருக்கிறார்கள்.’ பையனுக்குப் பத்து வயது, அதுதான் முதல் மாலை. விடியற்காலையில் குளித்து, சரணம் சொல்லி, அப்போதுதான் நாலு இட்லி சாப்பிட்டு எழுந்திருந்தான். “பெரியப்பா, அப்போ நான் சாப்பிட்டது தப்பா?” என்று கேட்டபோது அவன் முகம் வாடியிருந்தது. “தப்பே இல்ல சாமி, எழுதினவங்கதான் தப்பா எழுதியிருக்காங்க” என்று சொல்லி அனுப்பினேன்.

அத்தோடு விட்டிருப்பேன். ஆனால் இந்தச் சொல் விடுவதாக இல்லை. ஏகாதசி, சஷ்டி, பிரதோஷம் எல்லாம் குறித்த ஓர் அட்டவணைக்கு ‘இந்து உண்ணாவிரத நாட்கள்’ என்று தலைப்பு. சிவராத்திரிக் கட்டுரையில் ‘உண்ணாவிரதத்தின் மகிமை’. இரத்தப் பரிசோதனைத் தாள் ஒன்றில் ‘உண்ணாவிரதச் சர்க்கரை’ என்றே அச்சாகியிருந்தது. ‘வெறும் வயிற்றில்’ என்று எந்தக் கிராமத்து நர்சும் சொல்லிவிடுவார். ஃபாஸ்டிங் என்று எங்கே கண்டாலும் கை தானாக ‘உண்ணாவிரதம்’ என்று எழுதிவிடுகிறது.

சொற்களை முதலில் பிரித்துவிடுவோம். விரதம் வடமொழிச் சொல். வேதத்தில் அதற்குக் கட்டளை, ஒழுங்கு என்று பொருள். பிறகு, ஒருவர் தாமாக ஏற்றுக்கொண்டு விடாமல் கடைப்பிடிக்கும் உறுதி என்றானது. சாப்பாட்டுக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு கிடையாது. மௌன விரதம் இருப்பவர் வயிறார உண்ணலாம். உபவாசமும் வடமொழிதான்: உப என்றால் அருகில், வாசம் என்றால் தங்குதல். நோன்பு நம் சொல். நோல் என்ற வினையடியிலிருந்து வந்தது. நோற்றல் என்றால் பொறுத்தல், தாங்குதல், தவம் செய்தல். வலிமையைக் குறிக்கும் நோன்மையும் இதே குடும்பம். பிறருக்காக உழைப்பவர்களின் முயற்சியைப் புறநானூறு ‘நோன்தாள்’ என்கிறதே, அந்த நோன்தான்.

நோன்பு என்றாலே சாப்பிடாமல் இருப்பதுதானே என்பவர்களுக்கு வள்ளுவரின் ஒரு குறள் போதும்.

உண்ணாது நோற்பார் பெரியர் பிறர்சொல்லும்
இன்னாச்சொல் நோற்பாரின் பின்.

160-வது குறள். நோற்றல் என்பதிலேயே உண்ணாமை அடங்கியிருந்தால் ‘உண்ணாது நோற்பார்’ என்று தனியாகச் சொல்லியிருக்க வேண்டாம். அடுத்த அடியில் அதே வினை கடுஞ்சொல்லைத் தாங்கிக்கொள்வதற்கு வருகிறது. பசியைத் தாங்குவதும் நோற்றல், வசவைத் தாங்குவதும் நோற்றல், இரண்டில் வசவைத் தாங்குவதே பெரிது என்கிறார். செஞ்சிக்குப் பக்கத்தில் திருநாதர்குன்றில் உள்ள பழைய சமணக் கல்வெட்டும் இதே கணக்குத்தான். சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் ‘அனசனம் நோற்ற’ இடம் என்று சொல்கிறது. அனசனம் என்றால் உண்ணாமை. எதை நோற்றார் என்பதைத் தனியாகக் குறிக்க வேண்டியிருந்திருக்கிறது.

இனி உண்ணாவிரதத்துக்கு வருகிறேன். அந்தச் சொல்மேல் எனக்கு எந்த வெறுப்பும் இல்லை, அதன் இடத்தில் அது நல்ல சொல். 1952-ல் ஆந்திர மாநிலம் கேட்டுச் சென்னையில் உயிர்விட்ட பொட்டி ஸ்ரீராமுலு இருந்தது உண்ணாவிரதம். 1956-ல் இந்த மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைக்க வேண்டும் என்பது உள்ளிட்ட கோரிக்கைகளுக்காக விருதுநகரில் 70 நாட்களுக்கு மேல் உண்ணாமல் இருந்து மாண்ட சங்கரலிங்கனார் இருந்ததும் உண்ணாவிரதம். அந்தச் சொல்லைக் கேட்டதும் பந்தல், கோரிக்கை, எதிர்த்தரப்பு எல்லாம் கூடவே வந்து நிற்கின்றன. சாகும்வரை, அடையாள, தொடர் என்று அதற்கு முன்னால் ஒட்டும் அடைமொழிகளைப் பாருங்கள். அவற்றில் ஒன்றையாவது கார்த்திகைச் சோமவாரத்தோடு ஒட்ட முடியுமா? ஏகாதசிக்குப் பெருமாளிடம் யாரும் கோரிக்கை வைத்துப் போராடுவதில்லை.

சரி, விரதம் வடசொல் என்பதால்தான் சிக்கல், ‘உண்ணாநோன்பு’ என்று போட்டால் தூய தமிழ் ஆகிவிடுமே என்று ஒரு தரப்பு சொல்கிறது. தனித்தமிழில் எனக்கும் பிடிப்பு உண்டு. ஆனால் இங்கே அது பொருந்தாது. இலக்கணத்திலேயே பாருங்கள்: ‘உண்ணா’ என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். பல வகை நோன்புகளுக்குள் ஒரு வகையை மட்டும் அது பிரித்துக் காட்டுகிறது. அதைக் கொண்டுபோய் எல்லா நோன்புக்கும் பொதுப்பெயராக வைப்பது, எல்லா மரத்துக்கும் பனைமரம் என்று பெயர் வைப்பது போல. இன்னொன்று, பழந்தமிழில் ‘உண்ணா நோன்பு’ லேசான சொல் அல்ல. கோவலனுக்கும் கண்ணகிக்கும் நேர்ந்ததைக் கேட்ட சமணத் துறவி கவுந்தியடிகள் ‘உண்ணா நோன்போடு’ உயிர்விட்டதாகத்தான் சிலப்பதிகாரம் சொல்கிறது. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்ததும், அதாவது வடக்கு நோக்கி அமர்ந்து உண்ணாமல் உயிர்விட்டதும், அப்படிப்பட்ட முடிவுதான். மறுநாள் காலையில் அகத்திக்கீரையோடு முடியப்போகும் ஏகாதசிக்கு உயிர்துறக்கும் சொல்லைச் சூட்டுவது என்ன பொருத்தம்?

உண்மையில் நம் நோன்புகளில் பல, உண்பதை வைத்தே நடக்கின்றன. மாசி முடிந்து பங்குனி பிறக்கும் வேளையில் வரும் காரடையான் நோன்பில் அடையும் வெண்ணெயும்தான் நடுநாயகம். ‘உருகாத வெண்ணெயும் ஓரடையும்’ படைத்து, சரடு கட்டிக்கொண்டு, அந்த அடையைச் சாப்பிட வேண்டும். சாப்பிடாவிட்டால் நோன்பே ஆகாது. தென்மாவட்டத்துப் பெண்கள் செவ்வாய்க்கிழமைகளில் ஆண்களைச் சேர்க்காமல் எடுக்கும் ஔவையார் நோன்பில் உப்பில்லாத கொழுக்கட்டை. நகரத்தார் வீடுகளில் திருக்கார்த்திகையிலிருந்து 21-ம் நாள் வரும் பிள்ளையார் நோன்பில், மாவில் இழைத் திரியை வைத்து ஏற்றி, சுடரோடு வாயில் போட்டுக்கொள்வார்கள். இவற்றுக்கெல்லாம் ‘உண்ணா’ என்று முன்னால் போட்டால் என்ன மிஞ்சும்?

ஆண்டாள் பாவை நோன்பைச் சொல்லும் இடம் இன்னும் தெளிவு. ‘நெய்யுண்ணோம் பாலுண்ணோம்’ என்று தொடங்குகிறார். சோறு உண்ணோம் என்று சொல்லவில்லை. அடுத்து விடியலில் நீராட்டு, கண்ணுக்கு மை இல்லை, கூந்தலுக்குப் பூ இல்லை. ‘தீக்குறளைச் சென்றோதோம்’, அதாவது கோள் சொல்ல மாட்டோம். பிறகு ஐயமும் பிச்சையும் இடுவது. இத்தனையில் வயிற்றைப் பற்றியது இரண்டே இரண்டு, கண், கூந்தல், நாக்கு, கை எல்லாவற்றுக்கும் பங்கு இருக்கிறது. எங்கள் வீட்டுச் சாமியின் மண்டல விரதமும் அப்படித்தான்: செருப்பு இல்லை, மெத்தை இல்லை, அசைவம் இல்லை, கோபம் கூடாது. பத்து வயதில் கோபத்தை விடுவது இட்லியை விடுவதைவிடக் கஷ்டம். அன்றாடம் பார்த்தேன்.

ஏகாதசிக்குச் சொல்லப்படும் விளக்கமும் இதோடு ஒத்துப்போகிறது. ஏகாதசி பதினொன்றாம் திதி. அறியும் பொறிகள் ஐந்து, தொழில் செய்யும் உறுப்புகள் ஐந்து, மனம் ஒன்று, ஆகப் பதினொன்றையும் அடக்கும் நாள் என்பார்கள். வயிறு அந்தப் பதினொன்றில் சேர்த்தியே இல்லை.

ஒரு விதிவிலக்கை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். சமயபுரத்தில் மாசிக் கடைசி ஞாயிறு தொடங்கி 28 நாள் மாரியம்மனே பக்தர்களுக்காக விரதம் இருக்கிறாள். அதற்குப் ‘பச்சைப் பட்டினி விரதம்’ என்றுதான் பெயர். சமைத்த நைவேத்தியம் கிடையாது, துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர்தான் படைப்பு. பட்டினி என்ற சொல் சாமிக்கே வந்திருக்கிறது. ஆனால் அங்கேயும் ஜனங்கள் ‘பட்டினி’யோடு நிறுத்தவில்லை, விரதம் என்று சேர்த்துத்தான் சொல்கிறார்கள். எதைத் தவிர்க்கிறாள் என்பது பச்சைப் பட்டினி, எதற்காக என்பது விரதம்.

பேச்சில் வரும் வினையைக் கவனித்தாலே போதும். பட்டினி ‘கிடக்கிறான்’ என்கிறோம். விரதம் ‘இருக்கிறார்’ என்கிறோம். விரதம் கிடக்கிறார் என்று யாராவது சொல்லிக் கேட்டதுண்டா? கிடப்பது கதியில்லாமல், இருப்பது மனதறிந்து. தவம் இருத்தல், வடக்கிருத்தல், சஷ்டி இருத்தல் எல்லாம் ஒரே வரிசை. உபவாசத்தில் உள்ள ‘வாசமும்’ இதே இருப்புதான். வேள்விக்கு முதல் நாளே தேவர்கள் வீட்டுக்கு வந்து அருகில் தங்கிவிடுகிறார்கள், விருந்தினர் உண்ணும்முன் வீட்டுக்காரர் உண்பது முறையல்ல, அதனால் உண்ணாமல் இருக்கிறார் என்று சதபத பிராமணம் காரணம் சொல்கிறது. விருந்தாளியை உட்காரவைத்துவிட்டு நாம் முதலில் சாப்பிடுவோமா? அந்த மரியாதையிலிருந்து வந்த உண்ணாமை அது.

ஆகவே பொதுப்பெயர் வேண்டும் இடத்தில் ‘நோன்பு’, ‘நோன்பு நாள்’ என்று எழுதுவதே சரி என்பது என் முடிவு. ஏகாதசி விரதம், கேதார கௌரி விரதம், கந்த சஷ்டி விரதம் என்று ஊன்றிப்போன பெயர்களை மாற்ற வேண்டியதில்லை. நாளில் ஒரு வேளை மட்டும் சாப்பிடுவதற்கு ‘ஒருபொழுது’ என்ற அழகான சொல் இருக்கிறது, அதைத் தூக்கிவிட்டு ‘பகுதி உண்ணாவிரதம்’ என்று எழுதுகிறவர்களை என்ன சொல்ல! நோன்பு முஸ்லிம்களின் சொல் ஆயிற்றே என்று சிலர் தயங்குவதையும் கேட்டிருக்கிறேன். ரமலான் நோன்பும் வரலட்சுமி நோன்பும் ஒரே தமிழ்ச் சொல்லைத்தான் எடுத்துக்கொண்டன. யாரும் யாரிடமும் கடன் வாங்கவில்லை.

கடைசியாக ஒன்று. இப்போது ‘விரதத்தை முறித்தார்’, ‘உடைத்தார்’ என்று வேறு எழுத ஆரம்பித்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் அப்படித்தான் சொல்வார்கள், சரி, நமக்கு ஏன்? தமிழில் விரதம் முறிந்தது என்றால் பங்கம் வந்துவிட்டது என்று பொருள். நோன்பு திறப்பது உண்டு, விரதம் முடிப்பது உண்டு, ஏகாதசிக்கென்றே ‘பாரணை’ உண்டு, அதாவது மறுநாள் துவாதசியில் உண்டு விரதத்தை நிறைவு செய்வது. பாரணை விரதத்தின் ஒரு பகுதி. அம்பரீஷன் என்ற அரசனின் கதையே அதைப் பற்றியதுதான். துவாதசி கழிவதற்குள் பாரணை செய்தாக வேண்டும், அவன் விருந்துக்கு அழைத்திருந்த துர்வாச முனிவரோ குளிக்கப் போனவர் திரும்பவில்லை. முனிவருக்கு முன் உண்ணவும் முடியாமல், பொழுதைத் தவறவிடவும் முடியாமல், ஒரு வாய்த் தண்ணீர் மட்டும் குடித்தான் அரசன். அந்தத் தண்ணீரைக் குடிக்காமல் விட்டிருந்தால்தான் விரதம் முறிந்திருக்கும்.