பவரைக் குறைத்தால் கருகாது என்று யார் சொன்னது?

போன செவ்வாய்க்கிழமை உப்புவெளியில் இருந்து ஒரு தம்பி பிஸ்கட் பெட்டியோடு கடைக்கு வந்தார். பெட்டி நிறைய மான். திருகோணமலைக் கோட்டைக்குள் மேயும் புள்ளிமான்களை 3 மில்லிமீட்டர் பிளைவூட்டில் லேசர் மெசினால் சாவிக்கோர்வையாக வெட்டியிருந்தார். நிலாவெளிப் பக்கத்து விடுதி ஒன்றுக்கு 200 கொடுக்க வேண்டுமாம். ஒன்றை எடுத்துப் பார்த்தேன். விளிம்பு முழுக்கக் கரி, அதைச் சுற்றி மஞ்சளாகப் புகைக்கறை. கொம்பு நுனியில் விரல் பட்டதும் அது உதிர்ந்து பெருவிரலில் கறுப்பாக ஒட்டிக்கொண்டது.

"சாண்ட்பேப்பர் போட்டுத் தேய்ச்சுத் தருவீங்களோ அண்ணை?"

இந்த மாதத்தில் இது நாலாவது பெட்டி. இதற்கு முதல் பள்ளிக்கூட விளையாட்டுப்போட்டிக் கேடயம், குடிபூரல் பெயர்ப்பலகை, பிறகு ஒரு அக்கா கொண்டுவந்த கலியாண அழைப்பிதழ் அட்டை. எல்லாரிடமும் ஒரே கேள்விதான் கேட்டேன்: பவர் எவ்வளவு வைத்தீர்கள்? எல்லாரும் ஒரே பதில்தான் சொன்னார்கள்.

"கருகக் கூடாதெண்டு 25க்குக் குறைச்சனான் அண்ணை. வேகத்தையும் 5க்குக் கொண்டு வந்தனான்."

இங்கேதான் பிழை. லேசரை நாம் அடுப்பு மாதிரி நினைக்கிறோம். தணலைக் குறைத்தால் சோறு அடிப்பிடிக்காது, அதுபோல இதுவும் என்று. மரம் அப்படியில்லை. சிரட்டைக்கரி எப்படிச் சுடுகிறோம்? கிடங்கில் போட்டு, காற்றுப் போகாமல் மூடி, மெதுவாக, நேரம் எடுத்து. குறைந்த சூட்டில் நீண்ட நேரம் கிடக்கும் மரம் கரியாகும், அவ்வளவுதான். நீங்கள் பவரைக் குறைத்து மெதுவாக ஓட்டும்போது மெசினுக்குள் கரிச்சூளை போடுகிறீர்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்தத் தம்பியிடமும் என்னிடமும் இருப்பது 60 வாட் மெசின். 25 சதவீதம் என்றால் 15 வாட். விநாடிக்கு 5 மில்லிமீட்டர் வேகத்தில் ஓடினால் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் 3 ஜூல் சூடு இறங்கும். நான் அதே பிளைவூட்டை 60 சதவீதத்தில், அதாவது 36 வாட்டில், விநாடிக்கு 18 மில்லிமீட்டராக வெட்டுகிறேன். மில்லிமீட்டருக்கு 2 ஜூல். பவரைக் கூட்டிய என் மரத்தில்தான் சூடு குறைவாக இறங்குகிறது. அதுவும் சூடு பக்கவாட்டில் பரவ முதலே அந்த இடம் ஆவியாகிப் போய்விடும். கற்பூர ஆராத்திக்கு மேலே கையைக் காட்டிக் கண்ணில் ஒற்றுகிறோமே, யாருக்காவது கை சுட்டதா? அங்கேயே கையை வைத்திருந்தால் சுடும். நெருப்பு ஒன்றுதான், கை நிற்கும் நேரம்தான் வேறு.

என் எண்களை அப்படியே உங்கள் மெசினில் போடாதீர்கள். லேசர்க் குழாயின் வயது, லென்ஸ், மரம் எல்லாம் வேறுபடும். கழிவுத் துண்டொன்றில் சின்னச் சதுரங்களாக, பவரையும் வேகத்தையும் படிப்படியாக மாற்றி வெட்டிப் பாருங்கள். சதுரம் தானாகக் கீழே விழும் மிகக் கூடிய வேகம் எதுவோ, அதற்குச் சற்றுக் குறைவான வேகம் போதும். 6 மில்லிமீட்டர் மரத்தை ஒரே தடவை மெதுவாக அறுப்பதைவிட, கெதியாக இரண்டு தடவை ஓட்டுவது நல்லது.

தம்பியின் இரண்டாவது சாதனை, வெட்டும் இடத்துக்கு ஊதும் காற்றை நிற்பாட்டியது. "காத்து அடிச்சா நெருப்புக் கூடுமெல்லோ?" என்று கேட்டார். ஊதுகுழலால் அடுப்பை ஊதிப் பழகியவர்களுக்கு வரக்கூடிய நினைப்புத்தான். ஆனால் வெட்டும் இடத்தில் கொம்பிரசர் காற்று சுவாலையை அணைக்கிறது, புகையை வெட்டுக்குள்ளால் கீழே தள்ளுகிறது. அந்த மஞ்சள் கறை புகையில் உள்ள பிசின் மரத்தில் படிந்தது. மரம் வெட்டும்போது காற்றை நன்றாகக் கூட்டுங்கள். அக்ரிலிக் பிளாஸ்டிக்குக்கு மட்டும் குறைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் விளிம்பின் பளபளப்புப் போய்விடும்.

கடற்கரை ஊரில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. கொம்பிரசர் தொட்டியில் தண்ணீர் சேரும். காலையில் மெசினைத் தொட முதல் அடிப்பக்கத் திருகைத் திறந்து வடியவிடுங்கள். விடாவிட்டால் அந்தத் தண்ணீர் காற்றோடு வந்து லென்ஸில் தெறிக்கும், அதன்மேல் புகை ஒட்டும். தம்பியின் லென்ஸைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். நடுவில் தேத்தண்ணீர்ச் சாயம் மாதிரி ஒரு வட்டம். அப்படியான லென்ஸால் கதிர் ஒரு புள்ளியாகக் குவியாது, அகன்று விழும். அகன்ற கதிர் வெட்டாது, சுடும். பஞ்சில் ஐசோபுரோப்பைல் அல்ககோல் தொட்டு மெல்லத் துடையுங்கள். சேட்டு நுனியால் துடைக்காதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

மான் கொம்பு நுனி மட்டும் ஏன் அவ்வளவு கருகியது? மூலையில் திரும்புவதற்கு லேசர்த் தலை வேகத்தைக் குறைக்கும், கதிர் அதே பலத்தில் அடித்துக்கொண்டிருக்கும். செற்றிங்கில் குறைந்தபட்சப் பவர் என்று ஒன்று இருக்கிறது, அதை உச்சப் பவருக்குச் சமமாக வைத்திருந்தார். நான் அதை இறக்கி இறக்கி, மூலை வெட்டுப்படும் கடைசி அளவில் விட்டேன். பொதுவாகக் குறைக்க வேண்டிய பவர் உண்டென்றால் அது இதுதான்.

பிளைவூட்டுக்கு மேலும் கீழும் கடதாசி மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். கறை டேப்போடு உரிந்து வரும். மெசினின் தேன்கூட்டுத் தட்டில் பலகையை நேரே படுக்கவைக்காமல் நாலு மூலையிலும் ஏதாவது கொடுத்து உயர்த்துங்கள், தட்டில் பட்டுத் திரும்பும் கதிரால் அடிப்பக்கம் புள்ளி விழாது. மாரி மாதங்களில் பலகையைச் சீமெந்து நிலத்தில் வைக்க வேண்டாம். ஈரம் குடித்த மரத்துக்கு இன்னும் சூடு கொடுக்க வேண்டிவரும். தண்ணீர் தாங்கும் பிளைவூட்டைக் கொண்டுவந்து வெள்ளையாக வெட்டித் தா என்று கேட்காதீர்கள், அதன் பசையே கறுப்பாக எரியும்.

கறைக்குப் பயந்து டேப்புக்குப் பதிலாக ஸ்டிக்கர் வினைல் ஒட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அது பிவிசி என்ற பிளாஸ்டிக். ரெக்சினும் பெரும்பாலும் அதுதான். எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைட் வாயு வரும், ஈரத்தோடு சேர்ந்தால் அமிலம். மெசினின் தண்டவாளம் துருப்பிடிக்கும், உங்கள் நெஞ்சையும் அரிக்கும். சந்தேகமென்றால் வெளியில் நின்று, ஒரு செப்புக் கம்பியைச் சூடாக்கி அந்தப் பொருளில் தொட்டு, மறுபடி சுவாலையில் பிடியுங்கள். பச்சையாக எரிந்தால் மெசினுக்குக் கிட்டவும் கொண்டுபோகாதீர்கள். கறை பட்ட அக்ரிலிக்கைத் தின்னராலோ அல்ககோலாலோ துடைக்கவும் கூடாது, வெட்டிய விளிம்பில் மயிரிழையாக வெடிப்பு ஓடும். சவர்க்காரத் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும்.

மெசினை ஓடவிட்டுத் தேத்தண்ணிக்குப் போகிறவர்களோடு நான் கதைப்பதே இல்லை. கருகல் தீயாக மாற ஒரு நிமிடம் தேவையில்லை. தீயணைப்பானைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துப் பக்கத்தில் நில்லுங்கள்.

தம்பியின் மான்களை நான் தேய்த்துக் கொடுக்கவில்லை. லென்ஸைத் துடைத்து, காற்றைத் திறந்து, டேப் ஒட்டி, அவரையே புதிதாக வெட்டச் சொன்னேன். மேற்பரப்புச் சுத்தமாக வந்தது, விளிம்பு தேன் நிறத்தில் நின்றது. அந்த நிறம் போகாது. மரத்தை லேசரில் வெட்டினால் விளிம்பு கொஞ்சமாவது பழுப்பாகத்தான் வரும். முதலில் ஒரு மானை விடுதிக்காரரிடம் காட்டி, அவர் சரி என்ற பிறகு மிச்சம் 199ஐ வெட்டச் சொல்லி அனுப்பினேன்.