மீட்டர் கத்தினால் மட்டும் போதுமா? காமா நிறமாலையைப் பார்க்க வேண்டிய காரணம்

மணவாளக்குறிச்சிப் பக்கம் கடற்கரை மணலில் யாராவது கதிர்வீச்சைக் காட்டும் ஒரு கைகர் மீட்டரை வைத்து, அது படபடவென்று கத்துவதைப் படம்பிடித்து வாட்ஸ்அப்பில் விட்டுவிடுவார்கள். உடனே கேள்வி வரும்: "சார், இது அணு உலைக் கழிவா?" மீட்டரிடம் கேட்டுப் பயனில்லை. கதிர் வந்தது என்பதுதான் அதற்குத் தெரியும், எதிலிருந்து வந்தது என்பது தெரியாது. அதற்கு ஒவ்வொரு காமா கதிரின் ஆற்றலையும் அளந்தாக வேண்டும்.

ஓர் அணுக்கரு சிதைந்து இன்னொன்றாக மாறும்போது, புதிதாகப் பிறப்பது பெரும்பாலும் கூடுதல் ஆற்றலோடுதான் பிறக்கிறது. இதைக் கிளர்ச்சி நிலை என்கிறோம். அங்கிருந்து படிக்கட்டில் இறங்குவதுபோல நிலை நிலையாக இறங்கும். ஒவ்வோர் இறக்கத்திலும் பொதுவாக ஒரு காமா கதிர் வெளிவரும். படிகளின் உயரம் அணுக்கருவுக்கு அணுக்கரு மாறும். அதனால் காமாவின் ஆற்றல் தெரிந்தால் ஆளைப் பிடித்துவிடலாம்.

அந்த மணலையே எடுத்துக்கொள்வோம். அதில் மோனசைட் என்ற கனிமம் உண்டு, மோனசைட்டில் கதிரியக்கத் தனிமமான தோரியம் உண்டு. எந்த ஆற்றலில் எத்தனை காமா வந்தது என்று காட்டும் வரைபடம்தான் நிறமாலை. மாதிரியை ஜெர்மானியம் டிடெக்டரில் வைத்தால் அதன் வலது கோடியில், 2614.5 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டில் (காமா ஆற்றலின் அலகு; கீழே வரும் ஆற்றல் எண்கள் எல்லாம் இதே அலகில்), தனியாக ஒரு முகடு நிற்கும். தோரியம் அடுத்தடுத்துச் சிதைந்து வரும் தொடரில் பிறக்கும் தாலியம்-208 சிதைந்து காரீயம்-208 (ஈயம்) ஆகும்போது வெளிவருவது அது. காரீயம்-208இல் 82 புரோட்டான், 126 நியூட்ரான். இரண்டுமே மாய எண்கள், அதாவது அணுக்கருவைத் தனி உறுதியோடு கட்டும் எண்ணிக்கைகள். அத்தனை இறுக்கமான கட்டமைப்பு என்பதால் அதன் முதல் கிளர்ச்சி நிலையே 2614இல்தான் தொடங்குகிறது. அணுக்கருக் கட்டமைப்புப் பாடம் முழுவதும் ஒரு கைப்பிடி மணலில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றும். அணு உலைக் கழிவாக இருந்தால் 662இல் சீசியம்-137இன் முகடு தெரியும் என்று எதிர்பார்ப்போம். (உண்மையில் அந்தக் காமாவை விடுவது சீசியம் சிதைந்து பிறக்கும் பேரியம்-137.)

டிடெக்டரைப் பற்றியும் சொல்ல வேண்டும். சோடியம் அயோடைடு டிடெக்டர் மலிவு, கையோடு கொண்டுபோகலாம். ஆனால் 662இல் அதன் முகடு சுமார் 45 கிலோ எலக்ட்ரான்வோல்ட் அகலத்துக்குப் பரந்து கிடக்கும். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு முகடுகள் ஒன்றாகிவிடும். ஜெர்மானியத்தில் அந்த அகலம் 2க்கும் கீழே. அதற்கு விலையாக டிடெக்டரைத் திரவ நைட்ரஜனில் குளிர வைத்து, சுற்றிலும் பத்து சென்டிமீட்டர் ஈயம் அடுக்க வேண்டும். இல்லாவிட்டால் சுவரில் இருக்கும் பொட்டாசியம்-40 கூட 1461இல் தலைகாட்டும். நம் உடம்பிலேயே அது சுமார் 4,000 பெக்கரல் (நொடிக்கு ஒரு சிதைவு என்றால் ஒரு பெக்கரல்) இருக்கிறது, தெரியுமா?

அப்படியும் ஜெர்மானியம் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. ரேடியம்-226க்கு 186.2, யுரேனியம்-235க்கு 185.7. இரண்டும் ஒரே முகடாகத்தான் தெரியும். சாஃப்ட்வேரை அப்படியே நம்பினால் சாதாரண மண்ணில் யுரேனியம்-235ஐ அளவுக்கு மீறிக் காட்டிவிடும். அதனால் யுரேனியத்தின் 143.8 முகட்டையும் சேர்த்துப் பார்ப்போம். ரேடியத்துக்கோ, மாதிரியைக் காற்றுப் புகாமல் மூடி மூன்று, நான்கு வாரம் வைப்போம். ரேடியம் சிதைந்து வரும் ரேடான் வாயு வெளியேறாமல் சமநிலைக்கு வந்தபின், அந்த ரேடானின் வழியில் பிறக்கும் பிஸ்மத்-214இன் 609 முகட்டைக் கொண்டு கணக்கிடுவோம். "ஒரு மண்ணை அளக்க ஒரு மாதமா?" என்று கோபப்படுகிறவர்களுக்கு இதுதான் பதில்.

எந்த நிலை எங்கே இருக்கிறது என்ற அட்டவணை எப்படி வந்தது? இந்தியாவில் அப்படிப்பட்ட வேலைக்கு இங்கா என்ற காமா டிடெக்டர் வரிசை இருக்கிறது. மும்பை, டெல்லி, கொல்கத்தா முடுக்கி மையங்களுக்கு இடையே இடம் மாறிக்கொண்டிருக்கும். அயனிக் கற்றையை இலக்கில் மோதவிட்டுக் கிளர்ச்சியூட்டி, எந்தக் காமாவோடு எந்தக் காமா சேர்ந்து வருகிறது என்று பார்த்துப் படிகளை ஒவ்வொன்றாக அடுக்குகிறார்கள்.

சேர்ந்து வரும் காமாவுக்கு நல்ல எடுத்துக்காட்டு கோபால்ட்-60. அது நிக்கல்-60 ஆனதும் 1173, 1332 என்று அடுத்தடுத்து இரண்டு காமா. 2010இல் டெல்லி மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில் ஓர் உயிரைப் பறித்ததும் இதே கோபால்ட்-60தான். பல்கலைக்கழக ஆய்வகத்தில் சும்மா கிடந்த காமா கருவி ஏலத்தில் போய், அங்கே பிரிக்கப்பட்டது. பழைய இரும்புக் கடைக்காரர்களிடம் நான் சொல்வது இவ்வளவுதான்: மூன்று இலைக் கதிர்வீச்சுக் குறி இருந்தாலோ, அளவுக்கு மீறிக் கனக்கும் ஈய உருளை வந்தாலோ, வெட்டாதீர்கள். தள்ளி நின்று போலீசைக் கூப்பிடுங்கள்.

அப்புறம், தைராய்டுக்கு அயோடின்-131 எடுத்தவர்கள் விமான நிலையத்துக்குப் போவதானால் மருத்துவமனைக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அலாரம் அடித்தாலும், அதிகாரியின் கைக்கருவி 364இல் முகட்டைப் பார்த்து அயோடின் என்று சொல்லும். கடிதமும் அதையே சொன்னால் வேலை சீக்கிரம் முடியும்.

ஆய்வக அறிக்கை வாங்கும்போது எந்த ஐசோடோப் (தோரியம், சீசியம்-137 போல எந்த வகை அணு), கிலோவுக்கு எத்தனை பெக்கரல், பிழை வரம்பு எவ்வளவு என்று கேளுங்கள். 'கண்டறியும் வரம்புக்குக் கீழே' என்று எழுதியிருந்தால் அந்த வரம்பு எவ்வளவு என்றும் கேளுங்கள். அது பூஜ்யம் என்று அர்த்தமில்லை.