ஈர மணலில் டிடெக்டர் ஏன் கத்துகிறது?

கடற்கரையின் காய்ந்த மணலில் ஒழுங்காக வேலை செய்யும் மெட்டல் டிடெக்டர், அலை நனைக்கும் இடத்துக்கு வந்ததும் ஓயாமல் ஒலிக்கத் தொடங்கும். புதிதாக வாங்கியவர்கள் கருவி கெட்டுவிட்டது என்று நினைத்துவிடுவார்கள். கருவியில் பழுது எதுவும் இல்லை. மின்சாரம் கடத்தும் பொருள்களைத்தான் அது தேடுகிறது. கடல்நீரும் மின்சாரத்தைக் கடத்தும். இந்தக் கத்தல் எங்கிருந்து வருகிறது என்று புரிந்துவிட்டால், கருவியின் மற்ற நடத்தைகளும் பிடிபடும்.

தண்டின் முனையிலுள்ள வட்டத் தட்டுக்குள் இரண்டு செப்புக் கம்பிச் சுருள்கள் இருக்கின்றன. ஒன்று அனுப்பும் சுருள். அதில் ஓடும் மாறுதிசை மின்னோட்டம், பெரும்பாலான கருவிகளில் 5 முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்ணில் காந்தப்புலத்தை உண்டாக்கும். மற்றது பெறும் சுருள். அனுப்பும் சுருளின் புலம் தன்னுள் ஏறத்தாழ முழுவதும் ரத்தாகும்படி அதைக் கணக்காகப் பொருத்தியிருப்பார்கள். இந்தச் சமநிலை மிக நுட்பமானது. தட்டு கல்லில் மோதினாலும், தண்டில் சுற்றிய கேபிள் தளர்ந்து ஆடினாலும் பொய்யொலி எழும். இரும்பு முனை வைத்த காலணியும் அதே வேலையைச் செய்யும். 1881-ல் சுடப்பட்ட அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டின் உடலில் குண்டைத் தேட கிரகாம் பெல் கொண்டுவந்த கருவியும் இதே தூண்டல் சமநிலைத் தத்துவத்தில் அமைந்ததுதான். குண்டு அகப்படவில்லை, மெத்தைக்கு அடியிலிருந்த எஃகுக் கம்பிகளும் அவரைக் குழப்பின.

மண்ணுக்குள் ஒரு காசு கிடந்தால், மாறும் காந்தப்புலம் அதற்குள் சுழல் மின்னோட்டத்தைத் தூண்டும். அந்த மின்னோட்டம் உண்டாக்கும் சிறிய எதிர்ப்புலம் பெறும் சுருளை எட்டும்போது சற்றுத் தாமதமாகியிருக்கும். கருவி அளப்பது இந்தத் தாமதத்தைத்தான். மெல்லிய அலுமினியத் தாளில் மின்தடை அதிகம், அதனால் தாமதம் குறைவு. தடித்த வெள்ளிக் காசில் மின்னோட்டம் எளிதில் அடங்காது, அதனால் தாமதம் கூடுதல். திரையில் வரும் எண் இந்தத் தாமதத்தின் அளவே. உலோகத்தின் பெயரை அது சொல்வதில்லை. பொருளின் கடத்துதிறன், தடிமன், அகலம் மூன்றும் அந்த ஒரே எண்ணுக்குள் கலந்திருக்கின்றன. தங்க மோதிரமும் குளிர்பானக் கேனின் இழுவளையமும் பெரும்பாலும் ஒரே எண்ணைக் காட்டுவதற்கு இதுதான் காரணம். குப்பை வேண்டாமென்று அந்த எண்களை அடைத்துவிட்டால் மோதிரமும் கூடவே போய்விடும். தங்கம் வேண்டுமென்றால் இழுவளையங்களையும் தோண்டித்தான் ஆகவேண்டும்.

சங்கிலி இன்னும் கடினம். ஐந்து பவுன் எடையிருந்தாலும், கண்ணிகளுக்கிடையே மின்தொடர்பு சரியாக இல்லாததால் ஒவ்வொரு கண்ணியும் தனித்தனிக் குட்டி வளையமாகவே கருவிக்குத் தெரியும். தாலிச் சங்கிலியைத் தொலைத்துவிட்டுத் தேடும்போது கருவிக்கு முதலில் கேட்பது அதில் கோத்த தாலியோ டாலரோ கொக்கியோதான்.

காசுகளிலும் ஒரு பொறி உண்டு. இன்றைய இந்திய ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் நாணயங்கள் காந்தத்தில் ஒட்டும் ஃபெரிட்டிக் எஃகால் ஆனவை. பிரிட்டனின் ஒரு பென்னி, இரண்டு பென்னி காசுகளும் 1992 முதல் செம்பு பூசிய எஃகே. இரும்பை ஒதுக்கும் அமைப்பை இயக்கினால் இவை ஆணிகளோடு சேர்ந்து ஒதுங்கிவிடக்கூடும். மாறாக, 1919 வரை அச்சான பிரிட்டிஷ் வெள்ளிக் காசில் 92.5 சதவீதம் வெள்ளி. 1920 முதல் 1946 வரை அது 50 சதவீதம். இரண்டும் திரை எண்களின் உச்சியில் தெளிவாக ஒலிக்கும்.

இனி ஈர மணலுக்கு வருவோம். மண்ணிலுள்ள இரும்புத் தாதுக்கள் காந்தப்புலத்தைத் திரிக்கும், ஆனால் தாமதம் ஏறத்தாழ இருக்காது. மணவாளக்குறிச்சியிலும் இலங்கையின் புல்மோட்டையிலும் காணும் கருமணல் இந்த வகை. இதைச் சரிக்கட்டத்தான் தரைச் சமன் செய்கிறோம். உலோகம் இல்லாத இடத்தில் தட்டை முழங்கால் உயரத்திலிருந்து தரைக்குச் சில சென்டிமீட்டர் வரை இறக்கி ஏற்றி, ஒலி மாறாத நிலைக்குக் கருவியின் அமைப்பைச் சரிசெய்ய வேண்டும். உப்புநீர் தரும் தாமதமோ வேறு. அலுமினியத் தாளும் மெல்லிய தங்கமும் இருக்கும் பகுதியிலேயே அது விழுகிறது. ஒரே அதிர்வெண்ணில் ஓடும் கருவியால் ஒரு தாமதத்தைத்தான் சமன் செய்ய முடியும். உப்பை அடக்கினால் கருமணல் கத்தும், கருமணலை அடக்கினால் உப்பு கத்தும்.

இதற்கு இரண்டு தீர்வுகள் உள்ளன. ஒன்று, ஒரே நேரத்தில் பல அதிர்வெண்களை அனுப்பும் கருவி. அதிர்வெண் ஏற ஏற உப்பின் எதிரொலி வளரும். தாதுவின் எதிரொலி பெரிதாக மாறாது. இந்த வேறுபாட்டைக் கணக்கிட்டு இரண்டையும் கழித்துவிடலாம். மற்றது பல்ஸ் இண்டக்‌ஷன். நொடிக்கு நூற்றுக்கணக்கான காந்தத் துடிப்புகளை அனுப்பி, ஒவ்வொன்றையும் சட்டென நிறுத்தி, சுமார் 10 முதல் 15 மைக்ரோநொடி பொறுத்த பிறகே அது கேட்கத் தொடங்கும். அதற்குள் உப்புநீரின் மின்னோட்டம் செத்திருக்கும். மோதிரத்தினுடையது இன்னும் உயிரோடு இருக்கும். ஆழமும் நன்றாகக் கிடைக்கும். ஆனால் இரும்பை நம்பகமாகப் பிரித்துச் சொல்லாது. ஆணிகள் நிறைந்த பூங்காவில் இதைக் கொண்டுபோனால் நாள் முழுக்க ஆணிதான் தோண்ட வேண்டியிருக்கும்.

ஆழம் பற்றி விளம்பரங்கள் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். 28 சென்டிமீட்டர் தட்டு, நல்ல மண்ணில் படுத்திருக்கும் காசை 20 முதல் 25 சென்டிமீட்டர் வரை கண்டால் அதுவே நல்ல தேர்ச்சி. புலம் போகும்போதும் தேயும், எதிரொலி திரும்பும்போதும் தேயும். தட்டின் அளவைத் தாண்டிய தூரத்தில், ஆழம் இரட்டிப்பானால் சமிக்ஞை ஏறக்குறைய 64-ல் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். அதனால்தான் வீச்சின் இரு முனைகளிலும் தட்டைத் தூக்குவது பெரிய பிழை: 5 சென்டிமீட்டர் தூக்கினால் அந்த 5 சென்டிமீட்டரும் தேடும் ஆழத்தில்தான் குறையும். வீச்சு தரைக்கு இணையாக, முந்தைய வீச்சின் மேல் பாதித் தட்டு படியும்படி இருக்க வேண்டும். மின்கம்பியின் அடியில் கருவி படபடத்தால் உணர்திறனைக் குறையுங்கள். இரைச்சலில் மூழ்கிய மெல்லிய ஒலிகள் அப்போதுதான் காதில் விழும்.

ஒலி கேட்டதும் 90 பாகை திரும்பி நின்று மறுபடி வீசிப் பாருங்கள். இரு திசையிலும் ஒரே எண் வந்தால் தோண்டலாம். ஒரு திசையில் மட்டும் வந்தால் பெரும்பாலும் வளைந்த ஆணி. சில வேளை செங்குத்தாக நிற்கும் காசும் அப்படிக் காட்டும். பூங்காப் புல்லில் மூன்று பக்கம் மட்டும் ஆழமாக வெட்டி, நான்காவது பக்கத்தைக் கீலாக விட்டுப் புல்கட்டியை மடக்க வேண்டும். வேர் அறாததால் புல் பிழைக்கும். மண்ணைத் துணியில் கொட்டி, பின்பாயின்டர் என்ற கையடக்கச் சிறு டிடெக்டரால் துழாவி, பிறகு முழுவதையும் திரும்ப நிரப்பி மிதித்து அழுத்த வேண்டும். கடற்கரையில் ஓட்டைகள் உள்ள மணல் அகப்பை போதும். புயலுக்குப் பின் அலை மேல்மணலை அரித்துக் கடினப் படுகையை வெளிக்காட்டும் நாள்களே சிறந்தவை; கனமான பொருள்கள் அங்கேதான் தங்கியிருக்கும். வெடிகுண்டோ பீரங்கிக் குண்டோ போலத் தெரிந்தால் தொடாமல் விலகிப் போலீசைக் கூப்பிடுங்கள்.

கிடைத்ததைத் துடைத்துப் பளபளப்பாக்க வேண்டாம். தேய்த்தால் எழுத்தும் போகும், மதிப்பும் போகும். பழமையான குவியல் என்று தோன்றினால் தோண்டுவதை அங்கேயே நிறுத்துங்கள். 1992-ல் இங்கிலாந்தின் சஃபோக்கிலுள்ள ஹாக்ஸன் கிராமத்தில், தொலைந்த சுத்தியலைத் தேடிய டிடெக்டர் ரோமானியக் குவியலில் முட்டியது. உடனே தகவல் கொடுத்ததால் சுமார் 15,000 நாணயங்கள் கொண்ட அந்தக் குவியலின் பெரும்பகுதியைத் தொல்லியலாளர்களே எடுத்தார்கள். அவை இருந்த பெட்டியின் மிச்சங்களும் அடுக்கிய முறையும் பதிவாயின. அள்ளிப் பையில் போட்டிருந்தால் காசுகள் மட்டும்தான் மிஞ்சியிருக்கும்.

இங்கிலாந்தில் 1996-ம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, புதையல் என்று கருதத்தக்கதை 14 நாளுக்குள் கரோனர் என்ற விசாரணை அதிகாரியிடம் அறிவிக்க வேண்டும். நில உரிமையாளரின் அனுமதியில்லாமல் தேடவே கூடாது. இந்தியாவில் 1878-ம் ஆண்டுச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது: மண்ணில் மறைந்து கிடந்து கிடைத்த புதையலின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே மாவட்ட ஆட்சியருக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். சங்ககால, ரோமானியக் காசுகள் கிடைத்திருக்கும் கரூர் அமராவதி ஆற்றுப் படுகை போன்ற இடங்களில் இதை மறக்கவே கூடாது. பாதுகாக்கப்பட்ட தொல்லியல் தளமென்றால் கருவியை வெளியிலேயே எடுக்காதீர்கள்.